பிள்ளைகள் சரிவு

ஒரு ஊரில் ஒரு சரிவு இருந்ததாம். சரிவின் தலைமாட்டில் ஒரு பலகையாம், பலகையில் ஒரு பச்சை வட்டமாம், பச்சையைக் கண்டவர்கள் பயமில்லாமல் இறங்கி வரலாமாம். பலகையை நட்டவர்கள் அந்த ஊரிலேயே பிறந்தவர்களாம், நடக்கப் பழக முன்னரே சறுக்கப் பழகியவர்களாம், ஊம் கொட்டுங்கோ, கதை கேட்கிறவர் ஊம் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் சொல்கிறவருக்குத் தன் சொல் காதில் விழுகிறதா பனியில் விழுகிறதா என்று தெரியாது. எனக்கு இருபத்துமூன்று வயது ஆகியும் அது தெரிந்ததில்லை. என் குரல் அப்படி, அடுப்படியில் நின்று கூப்பிட்டால் அடுத்த அறைக்குக் கேட்காத குரல், அந்தக் குரலை வைத்துக்கொண்டு இன்றைக்கு மூன்று பேரிடம் இந்தச் சரிவு பச்சை இல்லை, சிவப்பு என்று சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமை, மத்தியானம் ஒரு மணி, ஒன்பது பாகை உறைகுளிர். நோர்வேயின் வடக்கில் ஒரு சின்ன நகரத்துக்குப் பின்னால் இருக்கிற காட்டில், சரிவின் அடியில், ஸ்கீ தடம் இடப்பக்கம் வளைகிற இடத்தில் நிற்கிறேன். கையில் சரிவு அளக்கிற கருவி, இங்கே வரப் போகிறவர்களிடம் ஒரு தாள். அந்தத் தாளில் மூன்று கையெழுத்து விழுந்தால், விபத்துக்குப் பிறகு கழற்றி வைத்த பச்சைப் பலகை திரும்பவும் மேலே ஏறும், நாளைமறுநாள் சனிக்கிழமை முப்பத்துநான்கு பேர் அதை நம்பி இறங்குவார்கள், முப்பத்துநான்கு பேரும் வளர்ந்தவர்கள், முப்பத்துநான்கு பேரும் வாழ்க்கையில் முதல் தரம் ஸ்கீயில் கால் வைக்கப் போகிறவர்கள், மொழி வகுப்பில் படிக்கிற சிரியாக்காரர்கள், எரித்திரியாக்காரர்கள், எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் ஒன்பது பேர். மூன்று கையெழுத்தில் ஒன்று ஸ்கீ கழகத் தலைவருடையது, ஒன்று நகரசபை அதிகாரியுடையது, மூன்றாவது என்னுடையது. ஆறு மாத ஒப்பந்தத்தில் தடம் வகுக்க வந்தவள் நான், எங்கே ஏறலாம் எங்கே இறங்கலாம், எது புதியவர்களுக்குப் பச்சை, எது கொஞ்சம் பழகியவர்களுக்கு நீலம், எது நன்றாக ஓடுகிறவர்களுக்குச் சிவப்பு என்று அளந்து எழுதுகிறவள். சிரிப்புத்தான், இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு சரிவின் நிறம் என்னுடைய ஒரு கிறுக்கலுக்காகக் காத்திருக்கிறது, அந்தக் கிறுக்கலை நான் போட மாட்டேன், போட மாட்டேன் என்று நான்கு நாளாக எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு திரிகிறேன், எனக்குள்ளே சொல்லும்போது மட்டும் என் குரல் எவ்வளவு உரத்துக் கேட்கிறது.

பாவனையாளர் தன் திறனுக்கு மீறிய தடத்தைத் தெரிவு செய்தமையே விபத்துக்குக் காரணம். விபத்து அறிக்கையில் இருக்கிற வசனம் இது, மனதுக்குள் முள்ளாய்க் கிடக்கிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்துகிறது. திறனுக்கு மீறிய தடமாம். பலகை பச்சை. பச்சை என்றால் திறனே தேவையில்லை என்றுதானே பொருள், திறனே வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டு, விழுந்த பிறகு உனக்குத் திறன் காணாது என்று எழுதுகிற கையை என்ன செய்வது. பாவனையாளர், பெண், ஐம்பத்திரண்டு வயது, வலது மணிக்கட்டு. அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாவனையாளர் என் சின்னம்மா, யோகமலர், முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினாறு வருசமாய் வேலை செய்கிறவ. பதினாறு வருசமும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேசையில் ஒரே கேள்வி, ஞாயிற்றுக்கிழமை தடத்துக்குப் போனீர்களோ, பனி எப்படி இருந்தது, எத்தனை கிலோமீற்றர். சின்னம்மா பதினாறு வருசமும் இல்லை என்று சொல்லிச் சிரித்தா. இந்த வருசம் ஒரே ஒரு திங்கட்கிழமை ஓம் என்று சொல்ல ஆசைப்பட்டா. அவ்வளவுதான் ஆசை, பதக்கம் வாங்க இல்லை, படம் எடுத்துப் போட இல்லை, ஒரு திங்கட்கிழமை மேசையில் ஓம், போனனான், பனி நல்லாய் இருந்தது என்று சொல்ல. போன மாதம் தனியாகப் போய், நிறங்களின் விளக்கத்தைப் பலகையில் ஒரு எழுத்து விடாமல் வாசித்து, பச்சையைத் தேடிப் பிடித்து, இந்தச் சரிவுக்கு வந்தா. மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, இருநூறு மீற்றர் மெல்ல மெல்ல இறங்கும், கால் இரண்டும் பனியில் வெட்டிய இரண்டு சாலுக்குள் தண்டவாளத்தில் போகிற மாதிரிப் போகும், நானும் பழகிவிட்டேன் என்று நினைக்க வைக்கும், பிறகு கடைசி நாற்பது மீற்றரில் நிலம் காலுக்குக் கீழே இல்லாமல் போகும். அதற்கும் பிறகு வளைவு. வளைவுக்கு நேரே இந்த மரம். இதில் சின்னம்மாவின் கையுறை நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மண்ணிற நூல், நான் பிடுங்கவில்லை.

விழுந்தது கூட இல்லை, விழுந்ததற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. ஒடிந்த கையை மார்போடு பிடித்துக்கொண்டு, ஸ்கீயை மற்றக் கையால் இழுத்துக்கொண்டு, சின்னம்மா இரண்டு கிலோமீற்றர் திரும்பி நடந்தா. சப்பாத்துக் காலோடு தடத்தில் நடந்தா. இந்த நாட்டில் எதையும் பொறுப்பார்கள், பிந்தி வந்தால் பொறுப்பார்கள், சொல்லாமல் போனால் பொறுப்பார்கள், இயந்திரம் அழுத்திச் சால் வெட்டிய தடத்தில் ஒருவர் காலால் நடந்து குழி விழுத்தினால் மட்டும் பொறுக்க மாட்டார்கள். எதிரே வந்த மூன்று பேர், ஒருவருக்குப் பின் ஒருவராக, தடத்தில் நடக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நீலத் தொப்பி போட்ட மூன்றாவது ஆள் நின்றே சொன்னாராம், இது நடக்கிற பாதை இல்லை என்று, சின்னம்மா மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு, ஓரத்துக்கு இறங்கி, முழங்கால் புதைகிற பனியில் மிச்சத் தூரமும் நடந்தா. மன்னிக்கவும். கை ஒடிந்தவ கேட்ட மன்னிப்பு. அந்த மூன்றாவது ஆளின் முகம் எனக்குத் தெரியாது, தெரியாதது நல்லது, தெரிந்திருந்தால் இந்தக் காட்டில் எதிர்ப்படுகிற ஒவ்வொரு நீலத் தொப்பியையும் நான் நிறுத்தி, நீயா, நீதானா என்று கேட்டிருப்பேன், கேட்டிருப்பேனா, கேட்டிருக்க மாட்டேன், என் வாய் திறக்க முன்னர் அந்தத் தொப்பி நூறு மீற்றர் போயிருக்கும்.

கைபேசி அதிர்கிறது. கையுறையைப் பல்லால் இழுத்துவிட்டு எடுக்கிறேன், சின்னம்மாதான். "எங்க பிள்ளை நிக்கிறாய்?" "காட்டில, சின்னம்மா. அளக்கிறன்." "அந்தச் சரிவையோ?" "ஓம்." "சாப்பிட்டியே?" "பிறகு." "பிறகு பிறகெண்டு குடல் ஒட்டப் போகுது. இஞ்ச பார், அந்தக் கழகத் தலைவரோட வாய்க்கு வாய் கதைக்காதை. நல்ல மனுசன். போன கிழமை றோல்ஸ் கொண்டு போய்க் குடுக்கேக்க எவ்வளவு சந்தோசமா வாங்கினவர் தெரியுமே, நாலைந்து பேர் நிண்டவை, நிண்ட நிலையில சாப்பிட்டவை." "நீங்கள் ஏன் அவைக்கு றோல்ஸ் குடுத்தனீங்கள்?" "என்னால அவைக்கு எவ்வளவு கரைச்சல். தடத்தை மூடி, அறிக்கை எழுதி…" "சின்னம்மா, கை ஒடிஞ்சது உங்களுக்கு." "என்ர பிழைதானே பிள்ளை. அதில எழுதிக் கிடக்கு. எனக்குக் காணாது, நான் போயிருக்கக் கூடாது." "எந்தக் கையால உருட்டினனீங்கள்?" "இடக்கையாலதான். கொஞ்சம் கோணல் மாணலாத்தான் வந்தது, ருசி ஒண்டுதானே." சிரிக்கிறா. இந்தச் சிரிப்புத்தான், இதுதான் என்னைக் கொல்லுகிறது. அறிக்கை பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை, சின்னம்மா அதை நம்பிவிட்டா. அச்சில் வந்ததை நம்புகிற தலைமுறை, அரசாங்க முத்திரை விழுந்தால் தன் எலும்பு சொல்வதைக்கூட நம்ப மாட்டார்கள். ஏழு திருகாணி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையால் முப்பது றோல்ஸ் உருட்டி, பொரித்து, பேருந்து ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறா, அவர்களும் சாப்பிட்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் தொண்டையில் சிக்கவில்லை. "சரி சின்னம்மா, அவை வருகினம், வைக்கிறன்." "பக்குவமாக் கதை, என்ன?" பக்குவமாக. நான் வேறு எப்படிக் கதைத்திருக்கிறேன் இதுவரைக்கும்.

அவர்கள் இன்னும் வரவில்லை, பொய் சொன்னேன். அவர்கள் ஏறி வருகிற இயந்திரத்தின் சத்தம் மட்டும் தூரத்தில். இன்னொரு தரம் அளக்கலாம், விரல் மரத்தாலும் எண் மாறாது, பதினைந்து. நூறு மீற்றருக்குப் பதினைந்து மீற்றர் விழுகிற சரிவு. கழகத்தின் கணக்கில் இது ஏழு. ஏழும் பொய்யில்லை, அதுதான் கெட்டித்தனம், மேலே தொடங்கி அடி வரைக்கும் இருநூற்றுநாற்பது மீற்றர், மொத்த இறக்கம் பதினேழு மீற்றர், பிரித்தால் ஏழு, கழகக் கையேட்டில் பச்சைக்கு எட்டு வரையும் போகலாம், முடிந்தது கதை. சராசரி. ஒருவரும் சராசரியில் விழுவதில்லை. மனிதர் கடைசி நாற்பது மீற்றரில்தான் விழுகிறார்கள். எனக்கு இதைத் தாள் சொல்லித் தரவில்லை, என் பின்பக்கம் சொல்லித் தந்தது. ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்து, வந்த மூன்றாவது மாதமே பள்ளிக்கூடத்தில் ஸ்கீ நாள், மற்றப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார்கள், வாத்தியார் கீழே நின்று முன்னுக்குச் சாய், முழங்காலை மடி, முன்னுக்குச் சாய் என்று கத்தினார். முன்னுக்குச் சாயவாம். விழப் போகிற பக்கமே சாயவாம். உடம்பு முழுக்கப் பின்னுக்கு வா, பின்னுக்கு வா என்று கதறும்போது அந்தச் சொல்லை யார் கேட்பார்கள். நான் கண்டுபிடித்த ஒரே வழி குந்தி இருந்துவிடுவது, தொப்பென்று பனியில் இருந்துவிட்டால் நின்றுவிடும், அன்றைக்குப் பதினொரு தரம் இருந்தேன், காற்சட்டை நனைந்து, பேருந்தில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் அப்போது எனக்கு இருபத்தாறு கிலோ. நிலத்துக்கும் எனக்கும் கொஞ்சத் தூரம்தான். ஐம்பத்திரண்டு வயதில், எழுபது கிலோவோடு, ஐந்தடி உயரத்தில் இருந்து ஒருவர் எப்படி இருந்துவிடுவது, ஏன் இது ஒருவருக்கும் தோன்றவில்லை, இவ்வளவு படித்தவர்கள், இவ்வளவு கையேடு, இவ்வளவு நிறம், ஏன், அந்த ஏன் வந்து நிற்கும்போதுதான் ஏதோ ஒன்று கைக்குத் தட்டுப்படுகிறது, தட்டுப்பட்டு நழுவுகிறது, இருபத்தாறு கிலோ, எழுபது கிலோ, பிள்ளைகள் சரிவு, இந்தச் சரிவுக்கு ஊரில் பெயரே அதுதான், பிள்ளைகள் சரிவு…

மரங்களுக்கு இடையால் சிவப்பு விளக்குத் தெரிகிறது. தடம் போடும் இயந்திரம், வீட்டளவு பெரியது, முன்னால் பனியை அழுத்துகிற உருளை, பின்னால் சால் வெட்டுகிற கத்தி. உள்ளே மூன்று பேர் நெருங்கிக்கொண்டு இருக்கிறார்கள். ஓட்டுகிறவர் ஊட்வார், முப்பது வருசமாய் இந்தக் காட்டில் சால் வெட்டுகிறவர், ஒரு நாளைக்கு இருபது சொல் பேசினால் அதிகம். நடுவில் மரித், நகரசபை அதிகாரி, தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு. கடைசியாகக் குதிக்கிறார் தூர்பியோர்ன், கழகத் தலைவர், ஐம்பத்தெட்டு வயது, இளமையில் போட்டிகளில் ஓடியவர், ஸ்கீயைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிற விதத்திலேயே அது தெரியும். இவர்களுடைய நோர்வே மொழியில் எல்லாருக்கும் எல்லாரும் நீதான், தலைவருக்கும் நான் நீ என்றுதான் சொல்வேன், அது பெரிய சமத்துவம் என்று இவர்கள் பெருமைப்படுவார்கள், எனக்கு ஒவ்வொரு தரமும் நாக்கு ஒரு நொடி தடுக்கும்.

"சாம்! இன்னும் உறையேல்லையோ நீ?" என்கிறார். சாம்பவி என்ற என் பெயரில் முதல் துண்டைத்தான் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். "உன்ர கருவிக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னித் தரட்டோ?"

"பதினைந்து வீதம்," என்கிறேன்.

"என்ன?" காதை மூடிய தொப்பி. இயந்திரம் உறுமிக்கொண்டு நிற்கிறது.

"கடைசி நாற்பது மீற்றர். பதினைந்து. இது பச்சை இல்லை."

"பச்சைதான், பச்சைதான்," என்கிறார், பாதி கேட்டதற்குப் பதில். "ஏழு வீதம். மரித், எங்க, தாளை எடு, பேனை உறையும், பென்சிலால போடுவம்." மரித் பென்சிலை நீட்டுகிறார், இவ்வளவு கெதியாக, நான் மூன்றாவது தரமும் சொல்கிறேன், அதுவும் இயந்திரத்தின் வயிற்றுக்குள் போகிறது. ஆத்திரம் என்று ஒன்று இருக்கிறதே, அது குரலை உயர்த்தும் என்று சொல்வார்கள், எனக்கு அது குரலை இன்னும் கீழே தள்ளுகிறது, மூச்சு மட்டும் மிஞ்சுகிறது, மூச்சு வெள்ளையாய் என் முகத்துக்கு முன்னால் நின்று கரைகிறது. அப்போது ஊட்வார் என் வாயைப் பார்க்கிறார். திரும்பி ஏணியில் ஏறி, கையை உள்ளே விட்டு, இயந்திரத்தை நிறுத்துகிறார். அவ்வளவுதான். காடு வந்து காதில் இறங்குகிறது. இவ்வளவு காலமும் என் குரல் சின்னது என்று நினைத்திருந்தேனே.

"ஆர் ஆர் இறங்கிப் பாத்தது?" என்று கேட்கிறேன். யோசித்துக் கேட்டதில்லை, நழுவிப் போனது திரும்பக் கைக்கு வந்துவிட்டது. "பச்சை எண்டு எழுத முதல், ஆரை விட்டுச் சோதிச்சனீங்கள்?"

தூர்பியோர்னுக்கு முகம் மலர்கிறது. "கழகத்துப் பிள்ளையள்! பதினொரு பேர். என்ர பேத்தி, சின்னவள், அஞ்சு வயசு, ஒரு கையில பிஸ்கட்டோட இறங்கினவள். சத்தியமா. பிஸ்கட் உடையேல்லை."

"வளந்த ஆக்கள்?"

"என்ன வளந்த ஆக்கள்?"

"வளந்த, முதல் தரம் இறங்கிற ஆள். ஒராள்."

மரித்தைப் பார்க்கிறார், மரித் ஊட்வாரைப் பார்க்கிறார். "வளந்த ஆக்களுக்குத் தெரியும்தானே," என்கிறார் தூர்பியோர்ன். நக்கல் இல்லை, கேலி இல்லை, சூரியன் கிழக்கில்தானே உதிக்கும் என்கிற மாதிரி. வளர்ந்தவர்களுக்குத் தெரியும்தானே. பிழை அங்கேதான் இருந்திருக்கிறது, இவ்வளவு நாளும் நான் அறிக்கைக்குள் தேடினேன், அளவுகோலுக்குள் தேடினேன், இவர்களுடைய கண்ணுக்குள் இருந்திருக்கிறது. புதியவர் என்றால் இவர்களுக்குப் பிள்ளை. வேறு ஒரு புதியவரை இவர்கள் வாழ்க்கையில் கண்டதில்லை. புதியவருக்கு இருபது கிலோ, புதியவர் விழுந்தால் சிரித்துக்கொண்டு எழும்புவார், புதியவருக்கு எலும்பு ரப்பர், புதியவரைக் கீழே நின்று தாயோ தகப்பனோ பிடிப்பார்கள். அந்தப் பிள்ளைகளும் புதியவர்கள் இல்லை, இரண்டு வயதில் கட்டிவிட்ட ஸ்கீ. பச்சை வட்டத்துக்குள் இவர்கள் வரைந்து வைத்திருக்கிற ஆளின் உயரம் மூன்றடி. சின்னம்மாவுக்கு அதற்குள் இடமே இல்லை, அவ தலையும் கையும் வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன, மரம் அந்தக் கையில்தான் அடித்தது.

"வளைவில சால் வெட்டியிருக்கு," என்கிறேன். "சாலுக்குள்ள கால் இருந்தால் ஸ்கீயின்ர பின்நுனியைக் கலப்பை மாதிரி விரிச்சு வேகத்தைக் குறைக்கேலாது. பழகினவர் காலை வெளியில எடுத்து வைப்பார். பழகாதவருக்கு எடுக்கத் தெரியாது. நேரே மரம்."

"சிவப்புத் தடத்தில நான் வளைவுக்கு முதல் கத்தியை மேல தூக்கிவிடுவன், சால் விழாது," என்கிறார் ஊட்வார். எல்லாரும் அவரைப் பார்க்கிறோம். "பச்சையில தூக்கிறேல்லை. சால் இருந்தால் பிள்ளையளுக்கு விருப்பம்."

"சிவப்பில ஓடுறவனுக்குச் சால் இல்லாமல் வழி விட்டிருக்கிறியள்," என்கிறேன், "பழகாதவரைச் சாலுக்குள்ள பூட்டி அனுப்பியிருக்கிறியள்."

"சாம்," என்கிறார் தூர்பியோர்ன், குரல் இப்போது கொஞ்சம் தடித்துவிட்டது. "நீ உன்ர சின்னம்மாவுக்காகக் கதைக்கிறாய்."

"ஓம்," என்கிறேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லுவேன், பொதுநலம் என்று சொல்லுவேன் என்று நினைத்திருக்கிறார், நான் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும், யாருக்காகக் கதைத்தால் சரிவு சப்பையாகும். "நீங்கள் உங்கட சின்னவளுக்காக வகுத்தனீங்கள். நான் என்ர சின்னம்மாவுக்காக அளந்தனான்." பன்மையில் வந்துவிட்டது, கோபத்தில் எனக்கு மரியாதை வருகிறது, என்ன பிறவியோ. மரித் கையுறைக்குள் விரலை மடக்கி மடக்கி விரிக்கிறார், சனிக்கிழமைக்கு அறிவித்தாகிவிட்டது, முப்பத்துநான்கு பேர், பேருந்துகூட ஒழுங்கு செய்தாகிவிட்டது என்று தன்பாட்டில் சொல்கிறார். மேற்கே சதுப்பு நிலத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டி நான் அடையாளம் வைத்திருக்கிறேன், அவர்களை அங்கே விடலாம், மூன்று கிலோமீற்றர், எங்கேயும் நாலு வீதத்துக்கு மேல் இல்லை, ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் வேகம் தானாகச் சாகிற அளவுக்கு நீளமான சமதரை, என்கிறேன். "அது சப்பை," என்கிறார் தூர்பியோர்ன். "இறக்கம் இல்லாட்டி அது ஸ்கீயே இல்லை. சும்மா மரத்தை எண்ணிக்கொண்டு நடக்கிறதுக்கு ஏன் ஸ்கீ?" அப்படி ஒரு நாள் நடந்துவிட்டு வந்து திங்கட்கிழமை மேசையில் ஓம் என்று சொல்வதற்கு என்று நான் சொல்லவில்லை, சொன்னால் அவருக்கு விளங்காது, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் பக்கத்து ஆள் அவர்.

"நான் காட்டுறன்," என்கிறார் சட்டென்று. "பழகாத ஆள் மாதிரியே இறங்கிறன். சாலுக்குள்ள. காலை எடுக்க மாட்டன். கைத்தடி வேண்டாம். பார்." ஸ்கீயைப் பூட்டிக்கொண்டு, கால்களை மீன்முள் மாதிரி விரித்து விரித்து ஏறுகிறார், ஐம்பத்தெட்டு வயதுக்கு மூச்சு வாங்கவே இல்லை, நாற்பது மீற்றர் ஏறி, செங்குத்துத் தொடங்குகிற இடத்தில் திரும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறார். எவ்வளவு அழகு. அதையும் சொல்லத்தான் வேண்டும், ஆத்திரத்திலும் கண் பொய் சொல்லாது, கொக்கு இறங்குகிற மாதிரி வந்து, வளைவில் டக் டக் டக் என்று திரும்பி எங்கள் முன்னால் நிற்கிறார். "பாத்தியோ!"

"காலை எடுத்தாய்," என்கிறேன்.

"எடுக்கேல்லை."

"எடுத்தாய்," என்கிறார் ஊட்வார். "மூண்டு தரம்."

தூர்பியோர்ன் சிரிக்கிறார், திரும்ப ஏறுகிறார். இந்த முறை கவனமாக, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் முழுக்கத் தன் பாதத்தில். வளைவுக்கு முன்னர் வலது ஸ்கீ தானாகச் சாலைவிட்டு வெளியே வருகிறது, ஒரு பூனை மேசைவிளிம்பில் கையை இழுத்துக்கொள்கிற மாதிரி, அவரைக் கேட்காமலே வருகிறது. அதை அவரும் கண்டார். நின்று, குனிந்து, தன் காலை வேறு யாருடையதோ என்பது போலப் பார்க்கிறார். மூன்றாம் முறை ஏறுகிறார். திரும்புகிறார். நிற்கிறார். கீழே நாங்கள் மூன்று பேர், வளைவு, மரம். வா என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் பார்க்கிறார், சரிவைப் பார்க்கிறார், ஐம்பது வருசமாய் இறங்கிய சரிவு, இன்றைக்குத்தான் பார்க்கிறார் போல, கால் அசையாமல் இருந்தால் தான் எங்கே போய்ச் சேருவேன் என்று ஒரு கோடு அவருடைய கண்ணில் இருந்து மரம் வரைக்கும் ஓடுகிறது, அதை இங்கே நின்று நான் காண்கிறேன். மூக்குநுனி உணர்விழந்துவிட்டது. பிறகு குனிந்தார், ஒரு ஸ்கீயைக் கழற்றினார், மற்றதையும் கழற்றினார், தடத்தை விட்டு ஓரத்துக்கு இறங்கி, முழங்கால் புதையப் புதைய நடந்து வந்தார். நடக்காதே என்று அவருக்குச் சொல்ல ஒருவரும் வரவில்லை.

எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, கோபம் இன்னும் கூடியது. ஒரு மனிசி எலும்பைக் காட்டியபோது நம்பாதவர்கள், ஒரு மனிசன் தன் பயத்தைக் கண்டதும் நம்புகிறார்கள். அவர் பயப்படக்கூடியவராக இல்லாமல் போயிருந்தால்? அவர் இன்னும் கொஞ்சம் வீம்பானவராக, இன்னும் கொஞ்சம் முட்டாளாக இருந்திருந்தால் இந்தச் சரிவு பச்சையாகவே இருந்திருக்கும், என் பதினைந்தும், மரத்தில் ஒட்டிய நூலும் ஒன்றுக்கும் உதவியிராது. மரித் கேட்காமலே தாளில் பச்சையை வெட்டிச் சிவப்பு என்று எழுதினார், சனிக்கிழமைக்குச் சதுப்பு நிலம் என்று எழுதினார், தூர்பியோர்ன் கையெழுத்துப் போட்டார், மரித் போட்டார், பென்சில் என்னிடம் வந்தது. நான் வாங்கவில்லை.

"அறிக்கை," என்றேன்.

"அது முடிஞ்ச கோவை," என்றார் மரித். "இது வேற, அது வேற."

"ஒண்டுதான். சரிவு சிவப்பு எண்டால், அவ பச்சை எண்டு நம்பி வந்தது அவவின்ர பிழை இல்லை. அந்த வசனம் மாறாமல் நான் போடமாட்டன். நான் போடாட்டி சனிக்கிழமை சதுப்பு நிலமும் திறக்கேலாது." இவ்வளவு நீளமாக நான் யாருக்கும் சொன்னதில்லை. மரித் வாயைத் திறந்தார், சட்டம் ஏதோ வரப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது, அதற்குள் தூர்பியோர்ன் பென்சிலைப் பிடுங்கினார். தாளைத் திருப்பி, இயந்திரத்தின் சங்கிலிப் பட்டையில் வைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு எழுதினார், எழுத்து எழுத்தாக, குளிரில் விரல் வளையவில்லை. தடத்தின் நிறத்தைக் கழகம் பிழையாக வகுத்தது. பாவனையாளரிடம் பிழை இல்லை. எழுதிவிட்டு, "அவவின்ர பெயர் என்ன?" என்று கேட்டார். நான் சொன்னேன். பாவனையாளரை வெட்டிவிட்டு யோகமலர் என்று எழுதினார், இரண்டு தரம் கேட்டு எழுதினார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

மரித் அதை இரண்டாய் மடித்து வைத்துக்கொண்டு இயந்திரத்தில் ஏறினார், திங்கட்கிழமை அந்த அறிக்கைக் கோவையைத் திறப்பேன் என்றார், திறக்கிறாரா என்று நான் திங்கட்கிழமை போய் நிற்பேன். ஊட்வார் திறப்பைத் திருகி இயந்திரத்தைக் கிளப்ப முன்னர் என்னைப் பார்த்து, "சதுப்பு நிலம் இண்டைக்கே அழுத்துறன், உன்ர துணியைப் பாத்துப் போவன்," என்றார், அவருடைய இன்றைய சொல் எல்லாம் முடிந்திருக்கும். இயந்திரம் போன பிறகும் தூர்பியோர்ன் போகவில்லை. ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாம்," என்றார் திரும்பாமல். "சின்னவளுக்கு என்ன சொல்ல? அவளுக்கு இந்தச் சரிவு எண்டால் உயிர். இனிப் பச்சை இல்லை எண்டால் அழுவாள்."

"சிவப்பு எண்டு சொல்லு," என்றேன். "அஞ்சு வயசில சிவப்பில இறங்கினவள் எண்டு சொல்லு. அவள் ஒருநாளும் புதுசா இருந்ததில்லை."

அவர் திரும்பினார். நான் சிரிப்பேனா என்று பார்த்தார், நான் சிரிக்கவில்லை, எனக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தலையை ஒரு தரம் ஆட்டினார். பிறகு தோளில் கிடந்த ஸ்கீயைச் சரிப்படுத்திக்கொண்டு, அதைக் காலில் பூட்டாமலே, மரங்களுக்கு இடையால் வீட்டுப் பக்கம் நடந்து போனார்.